ஸ்போர்ட்ஸ் காரின் ஃபாக் லேம்ப்: பல்பை மாற்றுவதற்கு முன்

கேள்வி இது: தாழ்வான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனியே கொடுத்த ஃபாக் லேம்ப், உள்ளே எச்11 ஹாலஜன் பல்ப். மூடுபனியில் அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. எல்இடி பல்ப் போட்டால் தேறுமா? மஞ்சள் நல்லதா, வெள்ளை நல்லதா?

பல்பைக் கடைசியில் பார்க்கலாம். இப்படிப் புகார் வரும் கார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது விளக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை. அடுத்து லென்ஸ், அதற்கடுத்து ஒயரிங். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பழைய 55 வாட் ஹாலஜனே போதும். சரியில்லாவிட்டால் எந்த எல்இடி போட்டும் பயனில்லை, எதிரே வருபவர் கண்தான் கூசும்.

ஃபாக் லேம்ப் தூரத்தைக் காட்டுவதற்காக வந்த விளக்கு இல்லை. அதன் ஒளி பக்கவாட்டில் நன்றாக விரியும், மேலே கத்தியால் சீவியது போல ஒரு கோட்டில் நின்றுவிடும். அந்தக் கோட்டைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். பனித்துளியில் படும் ஒளியில் ஒரு பகுதி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கண்முன் வெள்ளைத் திரை தொங்குவது போலத் தோன்றுவது அதனால்தான். நம் பார்வைக் கோடும் ஒளிக்கற்றையும் எவ்வளவு நெருங்கிப் போகின்றனவோ அவ்வளவுக்குத் திரை தடிக்கும். ஆகவே விளக்கைக் கண்ணிலிருந்து முடிந்தவரை கீழே வைத்து, ஒளி மேலே ஏறாமல் தடுத்து, சாலையின் ஓரக் கோட்டையும் நடுக்கோட்டையும் மட்டும் காட்டச் செய்கிறார்கள். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இங்கே ஸ்போர்ட்ஸ் காருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சாலை வடிவமைப்பில் கார் ஓட்டுநரின் கண் உயரம் 1.08 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. தாழ்வான காரில் அது இன்னும் குறையும். ஹெட்லைட் 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் கண்ணுக்கும் அதற்கும் இடையே அரை மீட்டர்கூட இருக்காது. உயரமான எஸ்யூவி ஓட்டுபவரைவிட நீங்கள் உங்கள் ஒளிக்கற்றைக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பம்பரின் அடியில் 35 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஃபாக் லேம்ப் அந்த இடைவெளியை 70 செ.மீ. அளவுக்குக் கொண்டுபோகிறது. அதனால் இந்த வகைக் காரில் ஃபாக் லேம்ப் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் கீழே இறக்க இறக்க எட்டும் தூரம் சுருங்கும். கணக்கு எளிது. விளக்கின் உயரத்தை, ஒளி கீழே இறங்கும் சரிவால் வகுத்தால் கட்-ஆஃப் கோடு சாலையைத் தொடும் தூரம் கிடைக்கும். 35 செ.மீ. உயரம், 1 சதவீதச் சரிவு என்றால் 35 மீட்டர். 2 சதவீதம் என்றால் 17.5 மீட்டர். இதை வண்டி நிற்கும் தூரத்தோடு வைத்துப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சுதாரிக்க ஒரு நொடி, பிறகு நல்ல பிரேக்: எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 28 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் அதுவே 57 மீட்டர், அதுவும் சாலை காய்ந்திருந்தால். ஃபாக் லேம்பை நம்பி ஓட்டக்கூடிய வேகத்துக்கு 50 உச்சம். ஈரத்தில் அதற்கும் கீழே.

"போட்டாலும் ஒன்றும் தெரியவில்லை" என்பதைத் தெளிவான இரவில் சோதித்துச் சொல்லக் கூடாது. லோ பீம் எரியும்போது ஃபாக் லேம்பின் ஒளி அதற்குள்ளேயே கரைந்து நிற்கும். வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளிச்சென்று ஆகும், அவ்வளவுதான். அந்தப் பளிச்சும் தெளிவான இரவில் கெடுதல்தான். அருகில் வெளிச்சம் கூடினால் கண் அதற்குப் பழகிக்கொண்டு தூரத்து இருட்டைக் கோட்டைவிடும். நன்றாகத் தெரிவது போல ஒரு நினைப்பு வரும், உண்மையில் தூரம் குறைந்திருக்கும். ஹை பீமோடு ஃபாக் லேம்பும் சேர்ந்து எரிய வேண்டுமென்று ஒயரை மாற்றிக் கட்டுகிறார்களே, அதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான்.

முதல் வேலை, கோணத்தைச் சரிபார்ப்பது. சமமான தரை, எதிரே ஒரு சுவர். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டேங்க் பாதி இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுபவர் அல்லது அதே எடை. முதலில் காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு ஃபாக் லேம்ப் லென்ஸின் மையத்தையும் சுவரில் குறித்து, அந்த உயரத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். பிறகு நேராகப் பின்னால் எடுத்து, லென்ஸிலிருந்து சுவர் 7.6 மீட்டர் இருக்கும்படி நிறுத்துங்கள். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ முறைப்படி, இந்தத் தூரத்தில் கட்-ஆஃப் கோடு டேப்பிலிருந்து 10 செ.மீ. கீழே விழ வேண்டும். சரிவு 1.3 சதவீதத்துக்குச் சற்று மேல், 35 செ.மீ. உயர விளக்கு 26, 27 மீட்டர் எட்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கத்தைத் துணியால் மூடி மற்றதைச் சரிசெய்தால் குழப்பம் வராது.

சரிசெய்யும் ஸ்க்ரூ பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். மேலே கீழே மட்டும் நகர்த்தும், பக்கவாட்டுக்கு இடமில்லை. முகப்பு வளையத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாகவோ, பம்பருக்கு அடியிலிருந்தோ எட்டும். ஸ்க்ரூ இறங்கும் மரை பல வண்டிகளில் பிளாஸ்டிக்கால் ஆனது. சில ஆண்டு மண்ணும் உப்பும் ஏறியபின் முரட்டுத்தனமாகத் திருகினால் மரை உரிந்துபோகும். அப்புறம் விளக்கு குழியில் ஆடிக்கொண்டே இருக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

காரைத் தாழ்த்தியவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவு இறக்கினால் கோணம் மாறாது, உயரம் மட்டும் குறையும். வாகன விளக்குகளுக்கான ஐநா விதி 48, முன் ஃபாக் லேம்பின் ஒளிவிடும் பகுதி தரையிலிருந்து 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. ஏற்கெனவே தாழ்வான காரை இன்னும் 40 மி.மீ. இறக்கினால் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். பின்பக்கத்தை மட்டும் கூடுதலாக இறக்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. சக்கர இடைவெளி 2.5 மீட்டர் உள்ள காரில் பின்பக்கம் வெறும் 10 மி.மீ. அதிகம் இறங்கினால் மூக்கு 0.4 சதவீதம் தூக்கும். 1 சதவீதம் சரிந்திருந்த ஃபாக் லேம்ப் 0.6 ஆகிவிடும், 35 மீட்டரில் தரையைத் தொட்ட கோடு 58 மீட்டருக்கு ஓடும். தூரம் கூடியது லாபம்தானே என்று தோன்றும். பனியில் போட்டால் கண்முன் திரை தடித்திருப்பது தெரியும். கோயிலோவரில் (காரின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் சஸ்பென்ஷனில்) கை வைத்தவுடன் ஹெட்லைட்டோடு ஃபாக் லேம்பின் கோணத்தையும் மறுபடி சரிசெய்துவிட வேண்டும்.

அடுத்து லென்ஸ். தரையோடு ஒட்டிப் போகும் காரில் ஃபாக் லேம்ப் தினமும் மணலிலும் சிறு கல்லிலும் அடி வாங்குகிறது. பிளாஸ்டிக் லென்ஸ் கொஞ்ச நாளில் சொரசொரப்பாகும். சொரசொரப்பான லென்ஸ் ஒளியைக் குறைப்பதோடு நிற்காது, நாலாபக்கமும் சிதறடித்துக் கட்-ஆஃப் கோட்டையே அழித்துவிடும். சுவரில் கோடு தெரியாமல் பஞ்சு போல ஒரு மங்கல் தெரிந்தால் லென்ஸைத்தான் முதலில் குற்றம் சொல்ல வேண்டும். 1000, 2000, 3000 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கோட்டிங் அடித்தால் பிளாஸ்டிக் தேறும். கோட்டிங் இல்லாமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். கண்ணாடி லென்ஸுக்கு வேறு ஆபத்து: சூடாக எரிந்துகொண்டிருக்கும்போது குட்டைத் தண்ணீர் அடித்தால் விரிசல் விடும். விரிசல் விட்ட கண்ணாடியை ஒட்டிப் பயனில்லை. உள்ளே தண்ணீர் போய் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு உரியும், அதன்பின் முழு விளக்கையும்தான் மாற்ற வேண்டும்.

இனி பல்ப். எச்11 என்பது 55 வாட், 1350 லூமன். அதே குடும்பத்தில் எச்8 35 வாட், 800 லூமன். எச்16 19 வாட், 500 லூமன். மூன்றின் அடிப்பாகமும் கிட்டத்தட்ட ஒன்றே. பூட்டிக்கொள்ளும் காதுகள் மட்டும் கொஞ்சம் வித்தியாசப்படும். காதை ராவிவிட்டு எச்16 இடத்தில் எச்11 செருகுவது பரவலாக நடக்கிறது. வெளிச்சம் ஏறும் என்பது உண்மை. சூடும் மூன்று மடங்காக ஏறும். 19 வாட்டுக்காக வார்த்த சின்ன பிளாஸ்டிக் கூடு அந்தச் சூட்டில் வளையும், ரிஃப்ளெக்டரில் புகை படிந்தது போல மங்கும், கனெக்டர் பழுப்பாகி நொறுங்கும். எச்8 கூட்டில் எச்11 போடுவதும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். 100 வாட் பல்ப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எல்இடி பல்ப்புக்கு வருவோம். ஹாலஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டர், ஃபிலமெண்ட் எங்கே இருக்கிறதோ அந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் வளைக்கப்பட்டிருக்கிறது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சுருள். எல்லாப் பக்கமும் ஒளி விடும். எல்இடி பல்பில் ஒரு தகட்டின் இரண்டு பக்கத்திலும் சிப் ஒட்டியிருக்கும். தகடு தடிமனாக இருந்தால் ஒளி பிறக்கும் இடம் மையத்தை விட்டு விலகும். தகட்டின் விளிம்புத் திசையில் ஒளியே இருக்காது. சுவரில் பார்த்தால் புரியும்: ஹாலஜனில் அளவுகோல் வைத்து இழுத்தது போல இருந்த கோடு, எல்இடியில் நடுவே இரண்டு பளிச்சிடும் திட்டுகளாகவும் கோட்டுக்கு மேலே மங்கலான வெளிச்சமாகவும் மாறியிருக்கும். அந்த மேல்வெளிச்சம்தான் பனியில் திரையாகத் திரும்பி வரும். பெட்டியில் எத்தனை ஆயிரம் லூமன் போட்டிருந்தாலும் அது தவறான இடத்துக்குப் போனால் உங்களுக்கு நட்டம்.

அப்படியும் போடத்தான் போகிறீர்கள் என்றால், தகடு மெல்லியதாக, சிப்கள் ஃபிலமெண்ட் அளவுக்கே சிறியதாக, கழுத்து வளையத்தைத் திருப்பிப் பூட்டக்கூடியதாக உள்ள பல்பைத் தேர்ந்தெடுங்கள். சிப்கள் கடிகாரத்தின் 3 மணி, 9 மணித் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் காரை நிறுத்தி, கேமராவின் எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டுச் சுவரைப் படம் எடுங்கள். கோட்டுக்கு மேலே வெளிச்சம் கூடியிருந்தால் கழற்றிவிடுங்கள். பல நாடுகளில் ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்ப் போடுவதே சட்டப்படி செல்லாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விசிறி உள்ள பல்ப் என்றால் கூட்டுக்குப் பின்னே இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வீல் ஆர்ச் உறைக்கும் விளக்குக்கும் நடுவே சில காரில் நான்கு விரல்கூட நுழையாது. பனிப்பொழிவு உள்ள இடமென்றால் இன்னொன்றும் உண்டு: ஹாலஜனின் சூடு லென்ஸில் ஒட்டும் பனியை உருக்கும், எல்இடியின் லென்ஸ் குளிர்ந்தே இருப்பதால் அது அப்படியே உறைந்து மூடிக்கொள்ளும். எச்ஐடி (செனான்) கிட்டுக்கு இங்கே இடமே இல்லை. 35 வாட் செனான் பல்பின் 3200 லூமனை ஹாலஜன் ஃபாக் லேம்பில் அடைத்தால் கிடைப்பது கூச்சம்தான்.

உண்மையாகவே மேம்படுத்த வேண்டுமானால், எல்இடிக்காகவே லென்ஸ் வடிவமைத்த முழு விளக்கை வாங்குங்கள். அதிலும் ஃபாக் லேம்ப் என்ற பெயரில் வரும் பாதிச் சரக்கு வேலைத்தள விளக்குதான். வட்டமாக ஒளியை வீசும், கட்-ஆஃப் கிடையாது. லென்ஸில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ஐநா விதிப்படி தேறியதில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்தும் நாட்டின் எண்ணும், பக்கத்தில் பி (B) அல்லது எஃப்3 (F3) என்றும் இருக்கும். அமெரிக்க முறையில் எஸ்ஏஇ என்ற எழுத்துகளோடு எஃப் இருக்கும். இவை எதுவும் இல்லாவிட்டால் படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

விளக்கு இல்லாத காரில் புதிதாகப் பொருத்துபவர்கள், பம்பரில் அந்தக் குழி எதற்கு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல ஸ்போர்ட்ஸ் காரில் அது பிரேக்குக்கோ ஆயில் கூலருக்கோ காற்று போகும் வழி. அதில் விளக்கை அடைத்துவிட்டு ரேஸ் டிராக்கில் பிரேக் சூடேறுகிறதே என்று தலையைச் சொறிவதில் அர்த்தமில்லை.

மஞ்சளா வெள்ளையா என்பதற்கு நீண்டகாலமாகச் சண்டை. மஞ்சள் பனியை ஊடுருவும் என்ற பேச்சுக்கு அடிப்படையில்லை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. மைக்ரான் கணக்கில் சில முதல் சில பத்துகள். ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான். இவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளால் கிடைப்பது வேறு: நீல ஒளி கண்ணுக்குக் கூச்சம் அதிகம் தரும், அதை வடிகட்டிவிட்டால் திரும்பி வரும் திரை அவ்வளவு உறுத்தாது. நீண்ட நேரம் ஓட்டும்போது களைப்பு குறையும். விலையாகக் கொஞ்சம் லூமன் போகும். பிரான்சில் 1936 முதல் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருந்தது. என் தேர்வு மஞ்சள்தான். ஆனால் வெள்ளை ஹாலஜன் நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். நிற வெப்பநிலை 6000 கெல்வினுக்கு மேல் என்று நீலம் கலந்து வருவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். லென்ஸ் மேல் ஒட்டும் மஞ்சள் ஃபிலிம் கல்லடிக்கும் கவசமாக இருக்கும், நல்ல யோசனைதான்.

ஒயரிங்கில் எவ்வளவு ஒளி தொலைகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இரண்டு 55 வாட் பல்ப், 13.5 வோல்ட், ஏறக்குறைய 8 ஆம்பியர். போக வர மொத்தம் 8 மீட்டர் ஒயர், 0.75 சதுர மி.மீ. மெலிவு என்றால் வழியிலேயே ஒன்றரை வோல்ட் விழுந்துவிடும். ஹாலஜனின் ஒளி வோல்ட்டின் 3.4 அடுக்கில் மாறும், 13.5 இருக்க வேண்டிய இடத்தில் 12 இருந்தால் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதே தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். விளக்கை எரியவிட்டு, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையிலும் பல்ப் கனெக்டரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிளஸ் பக்கத்தில் எவ்வளவு, எர்த் பக்கத்தில் எவ்வளவு என்று பிரித்து அளக்க வேண்டும். பம்பரின் அடியில் இருக்கும் எர்த் போல்ட் துருப்பிடித்திருப்பதுதான் வழக்கமான குற்றவாளி.

புதிதாக ஒயர் இழுப்பதென்றால் நான்கு முனை ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) ஒன்று போதும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30ஆம் முனைக்கு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். 87ஆம் முனையிலிருந்து இரண்டு விளக்குக்கும். 85 எர்த்துக்கு. 86, ஸ்விட்ச் வழியாகப் பார்க் லைட் லைனுக்கு. அப்போதுதான் பார்க் லைட்டை அணைத்தால் இதுவும் அணையும். ஹாலஜன் பல்ப் குளிர்ந்திருக்கும்போது முதல் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால் 10 ஆம்பியர் ஃபியூஸ் காரணமில்லாமல் போவது போலத் தோன்றும்.

புதிய கார்களில் கம்ப்யூட்டரே பல்பைக் கண்காணிக்கும். எல்இடி குறைவாகக் கரண்ட் இழுப்பதால் பல்ப் போய்விட்டது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும், அல்லது அணைத்திருக்கும்போதே விட்டுவிட்டு மினுக்கும். கம்ப்யூட்டர் அனுப்பும் சோதனைத் துடிப்புக்கு எல்இடி பதில் சொல்வதுதான் அந்த மினுக்கல். 6 ஓம் ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றலாம், ஆனால் 13.5 வோல்ட்டில் அது 30 வாட்டைச் சூடாகக் கக்கும். ஒயரோடு சேர்த்து டேப் சுற்றினால் ஒயர் உருகும். உலோகச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். கண்டறியும் கருவியில் விளக்கு வகையை எல்இடி என்று மாற்ற முடிகிற கார் என்றால் அதுவே சுத்தமான வழி.

பல்பை மாற்றப் பம்பரைக் கழற்றத் தேவையில்லாத கார்களே அதிகம். விளக்கு ஆறட்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பினால் சக்கரத்தின் முன்பாதியில் வீல் ஆர்ச் உறை வெளிப்படும். அதன் முன்பக்க ஸ்க்ரூக்களையும் பிளாஸ்டிக் கிளிப்களையும் எடுத்துவிட்டு உறையை மடக்கிக் கையை நுழைக்கலாம். கிளிப்பின் நடுப்பொட்டைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் முதலில் நெம்பித் தூக்க வேண்டும்; மொத்தமாகப் பிடுங்கினால் உடையும். எப்படியும் இரண்டு உடையும், நாலைந்து உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். கனெக்டரின் பூட்டை அழுத்தி உருவிவிட்டு, பல்பை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் வரும். புதிய ஹாலஜனின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. பட்டுவிட்டால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

கூட்டுக்குள் குளிர்காலையில் லேசாக நீராவி படிந்து, எரியவிட்டதும் போய்விட்டால் கவலையில்லை. கீழே தண்ணீர் தேங்கினால் வளையம் அல்லது லென்ஸ் ஓட்டை. இதற்குப் பயந்து கூட்டின் பின்னால் உள்ள சின்னக் காற்றுக் குழாயைச் சிலிகானால் அடைப்பார்கள். அதை அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் ரிஃப்ளெக்டர் சீக்கிரம் கெடும்.

பின்பக்கச் சிவப்பு ஃபாக் லேம்ப் உங்கள் காரில் இருந்தால் அதன் ஸ்விட்ச் எங்கே என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தாழ்வான கார் பனியில் பின்னால் வரும் லாரிக்குத் தாமதமாகத்தான் தெரியும். அந்த ஒரு விளக்கு முன்னால் உள்ள இரண்டையும்விட உங்களைக் காப்பாற்றும். ஐநா விதியில் அதன் ஒளி 150 முதல் 300 கேண்டெலா, அதாவது பிரேக் லைட்டுக்கு இணை. அதனாலேயே பனி விலகியதும் அணைத்துவிட வேண்டும். ஜெர்மனியில் 50 மீட்டருக்கு மேல் தெரியும்போது அதை எரியவிட்டாலே அபராதம்.